துரை போன பிறகு வந்த நாளிதழ்

ஜித்ராவை விட்டு வடக்கே, சாங்லூன் போகும் பழைய சாலையில் வண்டியை ஓரங்கட்டினேன். ஒரு பக்கம் அறுவடை முடிந்த நெல்வயல், மறுபக்கம் வீட்டு வரிசைக்குப் பின்னால் பால்மரங்கள். எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துகொண்டிருந்தன. 1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் பதினோராம் இந்தியக் காலாட்படைப் பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்று, உடைந்து, தெற்கே பின்வாங்கிய நிலம் இது. அடைமழைக் காலம். பதுங்குகுழிகளில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று நம்பப்பட்ட அரண் இரண்டே நாளில் போயிற்று.

கையில் அந்த மாதத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் நாளிதழ்ப் பக்கங்களின் அச்சுப்படிகள் இருந்தன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே படித்துவிடலாம்தான். ஆனாலும் நடந்த இடத்தில் நின்று படித்தால்தான், பத்திரிகை எதைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்று பிடிபடும் என எனக்குத் தோன்றியது. அதனால்தான் கெடாவை வடக்கிலிருந்து தெற்காக, படை போன வழியிலேயே போவது என்று கிளம்பினேன்.

போர் தொடங்கிய டிசம்பர் 8 அன்று மலாயா மக்கள் படித்தது பிரிட்டிஷ் தளபதிகள் புரூக்-போப்பமும் லேட்டனும் வெளியிட்ட அறிக்கையை. நாங்கள் தயாராக இருக்கிறோம், எச்சரிக்கை வேண்டிய அளவு கிடைத்தது, ஏற்பாடுகளைச் செய்து சோதித்தும் பார்த்துவிட்டோம் என்பது அதன் சாரம். சீனாவோடு ஆண்டுக்கணக்கில் போரிட்டு ஜப்பான் களைத்துக் கிடக்கிறது என்றும் சொன்னது. இந்த அறிக்கை அன்று எழுதப்பட்டதல்ல. பல மொழிகளில் பெயர்த்து அச்சிட நேரம் வேண்டுமே என்று மாதக்கணக்கில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அது வெளியான காலையில் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறிவிட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் குண்டு விழுந்திருந்தது. கெடாவின் விமானத்தளங்களும் அன்றே தாக்கப்பட்டன.

அந்த வார இதழ்களில் நான் அதிக நேரம் செலவிட்டது போர்ச்செய்தியில் அல்ல. அறிக்கைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. எங்கே, எவ்வளவு இழப்பு என்பதைத் தணிக்கை விடாது. சண்டை ஒரு ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் அந்த ஊர்ப்பக்கம் சண்டை என்று செய்தி வரும். கண்ணை நிறுத்தியவை மற்ற பத்திகள்: கிறிஸ்துமஸ் பரிசுப் பொருள் விளம்பரங்கள், சினிமாக் கொட்டகை அறிவிப்புகள், ரப்பர் கம்பெனிகளின் பங்கு நிலவரம், இருட்டடிப்பு விதிகள். போருக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக லண்டன் மலாயாவுக்கு இட்ட முதல் கட்டளையே ரப்பரும் ஈயமும் குறையாமல் எடுத்துக் கொடு என்பதுதான். அந்தக் கட்டளையை நிறைவேற்றிய கைகள் கெடாவின் பால்காட்டில் இருந்தன. பங்கு நிலவரத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். மரம் சீவியவர் இருக்கமாட்டார்.

போர் மூண்ட நாளின் பத்திரிகை அந்தச் சமூகத்தைக் காட்டுகிறது என்று நான் நம்புவது இதனால்தான். செய்தியைத் தணிக்கை செய்யலாம். விளம்பரத்தையும் விலைப்பட்டியலையும் யாரும் தணிக்கை செய்வதில்லை. யாரை வாசகர் என்று அந்தத் தாள் எண்ணிக்கொண்டது, யாரை வெறும் கூலி எண்ணிக்கையாக வைத்தது என்பது அங்கே மறைக்கப்படாமல் கிடக்கிறது.

அலோர்ஸ்டாருக்குள் நுழையுமுன் கெப்பாலா பத்தாஸ் விமான நிலையம். இன்று சுல்தான் அப்துல் ஹலிம் பெயரில் இயங்கும் இந்த இடம்தான் அன்றைய பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். ஜித்ராவில் படை இன்னும் நிற்கும்போதே, முதுகுக்குப் பின்னால் இந்தத் தளத்தைக் கைவிட்டுக் கொளுத்தினார்கள். எழுந்த புகையைக் குழிகளில் இருந்த சிப்பாய்கள் பார்த்தார்கள். தங்களைப் பற்றிய உண்மையான செய்தி அவர்களுக்கு அந்தப் புகையில்தான் கிடைத்தது.

இதே ஊரில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 9 அன்று பட்டர்வர்த்திலிருந்து ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் ஒற்றை விமானத்தில், தாய்லாந்தில் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோராவைத் தாக்கப் போனார். உடன் கிளம்ப வேண்டிய விமானங்கள் தரையிலேயே அடிபட்டுவிட்டன. படுகாயத்தோடு திரும்பி அலோர்ஸ்டார் அருகே வயலில் விமானத்தை இறக்கினார், கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். அவரை இந்த ஊர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே தாதியாக இருந்தவர் அவருடைய மனைவி. கணவருக்கு இரத்தம் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவு பெரிய சம்பவம் உலகத்துக்குத் தெரிந்தது 1946இல், விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டபோது. வெள்ளைக்கார அதிகாரியின் வீரமே பத்திரிகைக்கு வர நாலரை ஆண்டு ஆயிற்று என்றால், அதே வாரம் அதே சாலையில் செத்த பஞ்சாபி, கூர்க்கா, ஜாட் சிப்பாய்களை எந்தத் தாள் பேர் சொல்லி எழுதியிருக்கும்?

அலோர்ஸ்டார் நகர நடுவில், ஸாகிர் பள்ளிவாசலும் பாலாய் பெசாரும் இருக்கும் திடலில் கொஞ்ச நேரம் நடந்தேன். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜித்ராவில் சிதறி, காட்டுக்குள் அலைந்த 14ஆம் பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங், ஜப்பானிய உளவு அதிகாரி மேஜர் பூஜிவாராவைச் சந்தித்தது இந்த ஊர்ப்பக்கம்தான், டிசம்பர் நடுவில். பூட்டிய கடைகளை உடைத்துக் கொள்ளை நடந்துகொண்டிருந்த ஊரில் ஒழுங்கை நிறுத்தும் பொறுப்பை அவரிடமும் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களிடமும் ஜப்பானியர் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்து அது. பின்னாளில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்த அந்தப் படை இங்கே கருக்கொண்ட வாரத்தில், தெற்கே சிங்கப்பூரில் அச்சான தாள்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே எதிரிப் பக்கம் போய்விட்டிருந்தது. நிருபர் இல்லை, தபால் இல்லை, தந்தியும் இல்லை. வானத்திலிருந்து இந்திய மொழிகளில் துண்டறிக்கைகள் விழுந்தன. சிப்பாய் கையில் கிடைத்த தாள் அதுதான்.

குரூண் வழியாக ஜெராய் மலையைப் பார்த்தபடி தெற்கே வந்தேன். டிசம்பர் 14, 15இல் இங்கேயும் ஒரு தடுப்பு, இங்கேயும் ஒரு உடைவு. மறுநாள் படை மூடா ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. கெடா முழுவதும் ஒன்பது நாளில் கைமாறியது.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நெடுநேரம் இருந்தேன். பழைய லயங்கள் போய்விட்டன. பால்மரம் நின்ற சரிவெல்லாம் செம்பனை. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நிற்கின்றன, பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை. அங்கே தேநீர் வாங்கித் தந்து என்னோடு உட்கார்ந்த பெரியவரின் தந்தை போருக்கு முன் தோட்டத்துக் கிராணி.

“அப்பா பேப்பர் படிச்சா தனக்காகப் படிக்கமாட்டாரு தம்பி,” என்றார். “சாயந்தரம் அஞ்சடியில உக்காந்து சத்தமா படிப்பாரு. ஆளுங்க சுத்தி நின்னு கேப்பாங்க. எழுத்துத் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேருதான். ஆனா பேப்பர் அம்பது அறுபது பேருக்குப் போய்ச் சேர்ந்துரும்.”

அவர் சொன்னதைக் கணக்காகவும் பார்க்கலாம். 1941 தொடக்கத்தில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு அளவில். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஒரு பிரதி 5 காசு. விலை குறைத்த பிறகே அந்த விலை. ஒரு நாள் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, தெரியாத மொழியில் தாள் வாங்க யார் போவார்? ஆனால் தமிழ்த் தாளுக்கு ஆள் இருந்தது. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இரண்டும் தோட்டங்களுக்கு வந்தன. நேசனின் கண் பெரிதும் இந்தியா மேல். முரசு இங்கேயே வாழப்போகும் தமிழரின் சாதி, கள்ளு, படிப்பு பற்றிப் பேசியது. இரண்டையும் உரக்கப் படித்தவர்கள் கிராணிகளும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும்தான். துரைமார் இந்த வாசிப்பை விரும்பவில்லை. காரணம் இருந்தது. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் தோட்டங்களை உலுக்கிய வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகைக்காரர். கூலி உயர்வோடு, துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடையை மூடுவதும் அவர்கள் கேட்டவற்றில் இருந்தன. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் செத்தார்கள். சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

ஜப்பானியர் வருவதற்கு ஏழு மாதம் முன்பு நடந்தது இது. ஆகவே டிசம்பரில் ‘நாம் எல்லோரும் ஒன்றாக நின்று’ என்ற தொனியில் வந்த அறிக்கைகளைத் தோட்டத்து அஞ்சடியில் கேட்டவர்கள், யார் அந்த ‘நாம்’ என்று நினைத்திருக்க மாட்டார்களா?

பெரியவர் தம் தந்தை வாயிலாகக் கேட்டதைச் சொன்னார். “ஒருநாள் பெரட்டுக்கு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. துரை வரலை. பங்களாவுக்குப் போய்ப் பார்த்தா சமையக்காரரு மட்டும் இருக்காரு. ராத்திரியே காரு எடுத்துக்கிட்டு பினாங்குக்குப் போயிட்டாருன்னாராம். அரிசி ஸ்டோர் சாவி மட்டும் அப்பாவுக்குன்னு வச்சிட்டுப் போயிருந்தாரு. அப்பா அன்னிக்கே ஸ்டோரைத் திறந்து குடும்பத்துக்கு இவ்வளவுன்னு அளந்து குடுத்துட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு பழைய பேப்பர் கட்டு ஒண்ணு எப்படியோ வந்து சேந்துச்சு. அதுல எல்லையில சண்டை நடக்குதுன்னு போட்டிருந்துச்சாம். ஜப்பான்காரன் அதுக்குள்ள சைக்கிள்ல இந்த ரோட்டைத் தாண்டிட்டான்.”

“அதையும் சத்தமா படிச்சாரா?” என்று கேட்டேன்.

“படிக்கலையாம். மடிச்சு உள்ள வச்சிட்டாராம். என்னத்தப் படிக்கிறதுன்னு கேட்டாரு.”

அந்த மடித்து வைத்த தாளை நான் பெரிய ஆவணமாகவே கருதுகிறேன். ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை எந்த மணிநேரத்தில் அறுந்தது என்று எந்தத் தலையங்கமும் எழுதவில்லை. ஒரு கிராணி உரக்கப் படிப்பதை நிறுத்தியபோது அது அறுந்தது.

சுங்கை பட்டாணிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில். நகரின் மணிக்கூண்டு அப்படியே நிற்கிறது, 1936இல் லிம் லியான் தெங் என்ற செல்வந்தர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாகக் கட்டிக் கொடுத்தது. ஐந்தே ஆண்டில் அந்த மன்னர் குடும்பத்தின் கொடி இங்கிருந்து இறங்கிற்று. ஊரின் விமானத்தளம் டிசம்பர் 8 காலையிலேயே குண்டுக்கு இலக்கானது. வடக்குக்கு வேண்டிய வேகமான செய்தி பினாங்கிலிருந்துதான் வரும், அதைக் கொண்டு வந்தது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ. அதன் ஆசிரியர் இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து.

போர்க்காலப் பத்திரிகையைப் பற்றி எழுத ஒரே ஒரு மனிதரைத் தேர்ந்துகொள் என்றால் இவரைத்தான் எடுப்பேன். டிசம்பர் 11 முதல் பினாங்கு மீது குண்டுமழை. ஜார்ஜ் டவுன் தெருக்களில் பிணங்கள். 16, 17 வாக்கில் ஐரோப்பியர்களை இரவோடு இரவாகத் தீவிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். ஆசிய மக்களுக்குச் சொல்லவில்லை. எஞ்சியவர்கள் ஒரு சேவைக்குழு அமைத்தார்கள். தலைமை சரவணமுத்து. கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைப் போய் இறக்கியவர் அவரே. வானொலி நிலையத்தை இயக்கி, பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. 19ஆம் தேதி ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். பிறகு சரவணமுத்து அவர்களுடைய சிறையிலும் இருந்துவிட்டு வந்தார்.

அச்சிட வேண்டிய செய்தியைத் தணிக்கை தடுத்தது. கடைசியில் அந்த ஆசிரியரே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, தம் ஊருக்கு மிகத் தேவையான செய்தியைச் சொன்னார், அதுவும் எதிரிக்கு. உயிர்கள் பிழைத்தன. பத்திரிகைத் தொழிலின் கடமை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று எனக்குத் தெரிந்து தமிழர் வரலாற்றில் இல்லை. நம் பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரே நிற்பது டிசம்பர் 22 அன்று சிங்கப்பூரில் அமைச்சர் டஃப் கூப்பர் நிகழ்த்திய வானொலி உரை. பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். வெளியேறியவர்கள் வெள்ளையர். மக்கள்தொகை என்று சொல்லும்போது அவர் மனத்தில் வந்தது அவ்வளவு பேர்தான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் கொதித்தார்கள். இனி வெளியேற்றத்தில் இன பேதம் காட்டப்படாது என்று ஆளுநர் ஷெண்டன் தாமஸ் உறுதி கூற வேண்டியதாயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சுங்கை பட்டாணி பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் மலேசிய நண்பனும் மக்கள் ஓசையும் தொங்கின. தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. கடைக்காரர், “நேசன் இருந்தப்ப காலையில எட்டு மணிக்கெல்லாம் தீந்துரும் அண்ணே, பெருசுங்க வந்து நிப்பாங்க,” என்றார். கல்லாவுக்கு மேலே நேசனின் பழைய காலண்டர் ஒன்றை இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்.

கூலிமுக்குப் போகும் வழியில் பாடாங் செராய், லூனாஸ். 1941 டிசம்பரில் கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் துங்கு அப்துல் ரஹ்மான், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமர். தம் தந்தை சுல்தான் அப்துல் ஹமீதைப் பினாங்குக்குக் கொண்டு போகிறார்கள் என்று அறிந்ததும் வழிமறித்து, காரைத் திருப்பி, கூலிமுக்கும் பிறகு செடிமுக்கும் கொண்டு போனார். மன்னர் தம் மக்களோடு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். துரைகள் ஓடிய அதே சாலைகளில் நடந்த இந்தத் திருப்பத்தை, தாத்தா பாட்டி வழியாகக் கேட்டு இப்பகுதி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்போது எழுத இங்கே பத்திரிகை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்துக்குக் கொடுத்து, சைபுரி என்று பெயரும் மாற்றியது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் பத்திரிகை மறுபடி வந்தது. ஆனால் இப்போது விளம்பரத்தில் தோட்டத் தமிழன் இருந்தான். 1943இல் சயாமில் வேலைக்கு ஆள் தேவை, நல்ல கூலி, குறுகிய ஒப்பந்தம், குடும்பத்துக்கு வீடு என்று அறிவித்தார்கள். நம்பிப் போனவர்கள் சிலர். அது போதாதபோது பால்காட்டிலும் சந்தையிலும் சினிமாக் கொட்டகையிலும் வளைத்துப் பிடித்து ரயிலேற்றினார்கள். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து போன 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் தமிழர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஒட்டுக்கடைப் பெரியவரின் சித்தப்பா போனவர்களில் ஒருவர், திரும்பவில்லை. 1941இல் தாள் அவர்களைக் காணவில்லை. 1943இல் கண்டது, பிடித்துக்கொண்டு போவதற்காக.

போர் முடிந்தபின் இதே கெடாத் தோட்டங்கள் வேறு விதமாகத் தாளில் ஏறின. 1947இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீசோடு மோதல். ஏப்ரலில் கூலிம் அருகே டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். ஆங்கிலத் தாள்களுக்கு இது கலவரச் செய்தி. தமிழ்த் தாள்களில் விசாரணை, கண்டனம், கடிதம். துரைமாரை மீறி எழுந்த அந்த இளைஞர்களில் பலர், துரை இல்லாத அந்த மூன்றரை ஆண்டில் வளர்ந்தவர்கள். இந்திய தேசிய இராணுவத்தில் அணிவகுத்துப் பழகியவர்களும் அவர்களில் உண்டு.

டப்ளின் தோட்டத்துச் சாலை முனையில் வண்டியை நிறுத்தி, அந்த வழியாக வந்த ஓர் அம்மாவிடம் 1947 பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார். பக்கத்து வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார், அவர் சொல்வார், ஆனால் காது சரியாகக் கேட்காது, உரக்கப் பேச வேண்டும் என்று சொல்லி, என்னை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.